கண்மாய்க் கரையிலிருந்து லிமூசின் வரை: ஓட்டம் பற்றிய வாசகர் கேள்விகள்

சென்ற இதழில், அறுபது வயதைத் தாண்டியவர் எந்தத் தரையில் ஓடலாம் என்று கேட்ட வாசகர் ஒருவருக்கு, தார்ச்சாலையைவிடக் கண்மாய்க் கரை மேலானது என்று நான்கு வரியில் பதில் எழுதியிருந்தேன். அந்த நான்கு வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களே இம்முறை பகுதி முழுவதையும் எடுத்துக்கொண்டுவிட்டன. மதுரையில் ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக ஓடியும், மகன் குடும்பத்தோடு பிரான்சின் ஒரு சிற்றூரில் இரண்டு இலையுதிர் காலங்களைக் கழித்தும் நான் கண்டவற்றைக் கொண்டே பதில் எழுதியிருக்கிறேன்.

ஐயா, எனக்கு வயது 58. தினமும் காலையில் ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் ஆறு கிலோமீட்டர் ஓடுகிறேன். மகளின் பேறுகாலத்துக்காக நானும் என் மனைவியும் செப்டம்பர் நடுவிலிருந்து மூன்று மாதம் பிரான்சில் தங்கப் போகிறோம். லிமோஜ் நகரத்திலிருந்து தள்ளி, முந்நூறு பேர்கூட இல்லாத ஊர் என்கிறார் மருமகன். மைதானம் இல்லை, மொழியும் தெரியாது. அங்கே எப்படிப் பாதை கண்டுபிடித்து ஓடுவது?
– வாசகர், அண்ணாநகர், மதுரை

நீங்கள் போகும் வட்டாரத்துக்குப் பழைய பெயர் லிமூசின். நான் தங்கியிருந்ததும் அதே வட்டாரம்தான் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் சாலையின் பக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். நம் ஊரில் வண்டிகள் இடப்பக்கம் போவதால், எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி வலப்பக்க ஓரத்தில் ஓட வேண்டும் என்பது முறை. நம்மில் பாதிப் பேர் அதையும் செய்வதில்லை என்பது வேறு. பிரான்சில் வண்டிகள் வலப்பக்கம் போகின்றன. ஆகவே ஊர் எல்லைக்கு வெளியே நடப்பவரும் ஓடுபவரும் இடப்பக்க ஓரத்தில் செல்ல வேண்டும். முதல் வாரம் முழுவதும் உங்கள் கால் பழைய பக்கத்தையே தேடும். அங்குள்ள கிராமச் சாலைகள் குறுகலானவை, இருபுறமும் உயரமான வேலிச்செடிகள் நிற்பவை. வளைவுகளில் வண்டி வருவது கடைசி நொடியில்தான் தெரியும். வரைபடத்தில் 'டி' என்ற எழுத்தும் ஓர் எண்ணும் போட்டிருந்தால் அது மாவட்டச் சாலை என்று பொருள். அவற்றில் ஓடுவதை இயன்றவரை தவிர்த்து, ஒரு மண் பாதையிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதற்கு மட்டும் பயன்படுத்துங்கள்.

இனி மண் பாதைகள். அங்கே ஒவ்வொரு ஊரைச் சுற்றியும் பண்டைய வண்டிப்பாதைகள் இருக்கின்றன. 'ஷெமேன் ரூரால்' என்று பெயர். ஊராட்சிக்குச் சொந்தமானவை, பொதுமக்கள் போய்வரத் திறந்தவை. பல இடங்களில் தலைமுறை தலைமுறையாக வண்டிச் சக்கரமும் மழைநீரும் அரித்து, பாதை தரைமட்டத்துக்குக் கீழே வாய்க்கால்போல இறங்கியிருக்கும். இருகரையிலும் ஓக் மரமும் செஸ்ட்நட் மரமும் கவிந்து நிற்கும். அதற்குள் ஓடுவது, கோடையில் வைகைப் படுகையிலிருந்து ஒரு தென்னந்தோப்புக்குள் நுழைவதைப் போலக் குளிர்ச்சியானது. ஆனால் எந்தப் பாதை எங்கே போய் முடியும் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அதற்கு இரண்டு துணைகள் உண்டு.

ஒன்று வரைபடம். ஐ.ஜி.என். என்னும் அரசு நிறுவனம் நாடு முழுவதற்கும் 1:25,000 அளவில் வரைபடம் வெளியிடுகிறது. அதில் நான்கு சென்டிமீட்டர் தரையில் ஒரு கிலோமீட்டர். தனி வீடு, கிணறு, கல் சிலுவை, சம உயரக்கோடு வரை எல்லாம் இருக்கும்; ஒற்றையடிப்பாதை மெல்லிய கோடாகத் தெரியும். மருமகனிடம் சொல்லி அந்த ஊருக்கான தாளை வாங்கிவைக்கச் சொல்லுங்கள். கைப்பேசியிலும் பார்க்கலாம் என்றாலும், பள்ளத்தாக்குகளில் சிக்னல் அற்றுப்போகும்போது மடித்து வைத்த தாளின் அருமை தெரியும்.

இன்னொன்று வண்ணப் பட்டை. நடப்பவர்களுக்கான பாதைகளை 1947 முதல் ஒரு சங்கம் பட்டை தீட்டி அடையாளப்படுத்தி வருகிறது. இன்று அதன் கூட்டமைப்பின் தொண்டர்கள் பராமரிக்கும் பாதைகள் ஒரு லட்சத்து எண்பதாயிரம் கிலோமீட்டருக்கும் மேல். மரத்திலோ கல்லிலோ மின்கம்பத்திலோ உள்ளங்கை அகலத்தில் பட்டை இருக்கும். மேலே வெள்ளை, கீழே சிவப்பு என்றால் அது நாட்டின் குறுக்கே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓடும் நெடும்பாதை. மஞ்சளும் சிவப்பும் என்றால் ஒரு வட்டாரத்தைச் சுற்றிவரும் பல நாள் பாதை. மஞ்சள் மட்டும் என்றால் ஊரிலிருந்து கிளம்பி ஊருக்கே திரும்பும் சிறு சுற்று. உங்களுக்கு வேண்டியது இந்த மஞ்சள்தான். பெரும்பாலும் தேவாலயத்தின் முன்னாலோ ஊராட்சி அலுவலகத்தின் பக்கத்திலோ ஒரு பலகையில், சுற்றின் நீளமும் நடந்து முடிக்க ஆகும் நேரமும் எழுதியிருப்பார்கள். பட்டை நேராக இருந்தால் நேரே போக வேண்டும். மடங்கியிருந்தால் மடங்கிய பக்கம் திரும்ப வேண்டும். குறுக்குக் கோடு இட்டிருந்தால் அது உங்கள் பாதை அல்ல. ஐந்து நிமிடம் ஓடியும் ஒரு பட்டைகூடக் கண்ணில் படாவிட்டால் கௌரவம் பார்க்காமல் கடைசிப் பட்டைக்குத் திரும்பிவிடுங்கள். நான் ஒருமுறை கௌரவம் பார்த்து, எட்டுக் கிலோமீட்டர் சுற்றைப் பதினாறாக்கிக்கொண்டு, மருமகள் காரை எடுத்துக்கொண்டு தேடக் கிளம்பிய பிறகு வீடு சேர்ந்தேன்.

நீங்கள் தங்கும் மாதங்களில் கட்டாயம் கவனிக்க வேண்டியது வேட்டை. செப்டம்பரில் தொடங்கிப் பிப்ரவரி இறுதி வரை பெரும்பாலான மாவட்டங்களில் வேட்டைப் பருவம். காட்டுப்பன்றியையும் மானையும் ஒரு பக்கத்திலிருந்து விரட்டி, மறுபக்கத்தில் துப்பாக்கியோடு காத்திருக்கும் கூட்டு வேட்டை வார இறுதிகளில் அதிகம் நடக்கும். பாதை ஓரத்தில் 'ஷாஸ் ஆன் கூர்' என்ற பலகையைக் கண்டால் வேட்டை நடந்துகொண்டிருக்கிறது என்று பொருள். அந்தக் காட்டுக்குள் போகாதீர்கள். எந்த நாளிலும் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு நிற மேலங்கி போட்டுக்கொண்டு ஓடுங்கள். நம்மூரில் சாலைப் பணியாளர் அணிவதைப் போன்ற அந்த மேலங்கி அங்கே எல்லாக் கார்களிலும் இருக்கும், ஏனென்றால் வண்டியில் அதை வைத்திருப்பது சட்டப்படி கட்டாயம். என் மகன் வீட்டில் அது மஞ்சள்தான் என்றாலும் ஒன்றுமில்லாததற்கு அது மேல்.

வெளிச்சம் அடுத்தது. மதுரையில் ஐந்தரை மணிக்கு ஓடிப் பழகிய உங்களுக்கு அங்கே பெரிய ஏமாற்றம் காத்திருக்கிறது. செப்டம்பர் நடுவில் சூரியன் எழ ஏழரை மணியைத் தாண்டும்; அக்டோபர் நடுவில் எட்டேகால் ஆகிவிடும்; அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவதால் சில வாரம் ஆறுதல் கிடைக்கும்; டிசம்பர் நடுவில் மறுபடி எட்டரை. ஆகவே காலை ஓட்டத்தை மறந்துவிட்டு, பகல் பதினோரு மணிக்கு ஓடுங்கள். மதுரையில் அந்த நேரத்தில் ஓடுபவரைப் பைத்தியம் என்பார்கள். அங்கே அதுதான் நல்ல நேரம். அக்டோபரில் செஸ்ட்நட் காய்கள் முள்ளுறையோடு பாதை நிறைய உதிர்ந்து கிடக்கும். நனைந்த இலைக்கு அடியில் உருண்டையாக அவை கிடப்பதால் கணுக்கால் பிசகுவதற்கு அதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. அடிப்பகுதியில் பற்கள் ஆழமாக உள்ள ஷூவை வாங்கிக்கொள்ளுங்கள். ரேஸ்கோர்ஸில் போடும் வழவழப்பான ஷூ அங்கே உதவாது.

மாடுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். செம்பழுப்பு நிறத்தில் மேயும் லிமூசின் மாடுகள் உலகெங்கும் பெயர் பெற்ற இறைச்சி இனம். சாதுவாகத்தான் தெரியும், ஆனால் கன்றோடு நிற்கும் பசு எந்த நாட்டிலும் கன்றோடு நிற்கும் பசுதான். மேய்ச்சல் நிலத்தைச் சுற்றியுள்ள மெல்லிய கம்பியில் மின்சாரம் ஓடும். உயிருக்கு ஆபத்து இல்லை என்றாலும் ஒருமுறை தொட்டவர் மறுமுறை தொடமாட்டார். கதவு உள்ள இடத்தில் திறந்து போனால், திறந்தபடி இருந்ததைத் திறந்தபடியும் மூடியிருந்ததை மூடியும் விட்டுச் செல்லுங்கள். 'ப்ரொப்ரியேத்தே ப்ரிவே' என்ற பலகை தனியார் நிலம் என்பதைச் சொல்கிறது. அதற்கு மேல் வாதமில்லை. புல்லில் உரசி ஓடிவந்த நாளில் கால் முழுவதும் உண்ணி கடித்திருக்கிறதா என்று பாருங்கள். அங்குள்ள உண்ணி லைம் என்னும் நோயைப் பரப்பக்கூடியது.

தாகம் எடுத்தால் ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்குப் போங்கள். பூச்செடிகளுக்கு நீர் ஊற்றுவதற்காக அங்கே குழாய் இருக்கும். நெடுந்தூரம் நடப்பவர்களும் சைக்கிளில் போகிறவர்களும் அறிந்த இரகசியம் இது. குழாயின் மேல் 'நோன் பொதாப்ல்' என்று எழுதியிருந்தால் மட்டும் குடிக்காதீர்கள். வழியில் எதிர்ப்படும் ஒவ்வொருவருக்கும், மூச்சு வாங்கினாலும், 'போன்ஷூர்' சொல்லிவிடுங்கள். மொழி தெரியாது என்று கவலைப்பட்டீர்களே, ஓடுகிறவருக்கு அந்த ஒரு சொல் முக்கால்வாசி போதும்.

நான் ஒத்தக்கடை பக்கம் தங்கிப் படிக்கும் மாணவன். போலீஸ் தேர்வுக்காக ஓடுகிறேன். மேலூர் சாலையில் ஓடினால் லாரிகள் உரசிக்கொண்டு போகின்றன. மதுரையைச் சுற்றி மண் பாதையில் ஓட நல்ல வழிகள் எவை?
– மாணவர், ஒத்தக்கடை

தம்பி, நீ ஆனைமலையின் காலடியில் இருந்துகொண்டு மேலூர் சாலையில் ஓடுவது, ஆற்றங்கரையில் இருந்துகொண்டு குழாயடியில் வரிசையில் நிற்பதைப் போன்றது. நரசிங்கம் ஊர்ப்பக்கம் திரும்பிவிடு. படுத்திருக்கும் யானையைப் போன்ற அந்த ஒற்றைப் பாறையின் அடிவாரத்தில் வயல் ஓரமாகவும் தோப்பு ஓரமாகவும் பாதைகள் போகின்றன. கி.பி. 770-இல் பாண்டியன் நெடுஞ்சடையனின் அமைச்சர் மாறன் காரி குடைவிக்கத் தொடங்கிய நரசிங்கப் பெருமாள் கோயில் அங்கேதான் இருக்கிறது. கோயில் முன்னால் ஓட்டத்தை நிறுத்தி நடந்து கடந்து, பிறகு ஓடு. பூசை நேரத்தில் வியர்த்துக்கொண்டு குறுக்கே ஓடுகிறவனை ஊரார் இரண்டாம் நாள் விரும்பமாட்டார்கள்.

மேற்கே நாகமலைப் புதுக்கோட்டையிலிருந்து கீழக்குயில்குடிக்குப் போகும் வழி எனக்குப் பிடித்தது. தாமரைக்குளமும் ஆலமரத்தடியும் அய்யனார் கோயிலும் சமணர் மலையின் நிழலும் ஒரே இடத்தில் சேர்ந்திருப்பது அங்கேதான். ஊரைச் சுற்றிச் சமதளத்தில் ஓடலாம். பேச்சிப்பள்ளத்துக்கு ஏறும் படிகளில் ஓட வேண்டாம். பாறையிலேயே வெட்டிய படிகள், காலங்காலமாக மிதித்து வழுவழுத்தவை. நடந்து ஏறி, ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் செதுக்கிய தீர்த்தங்கரர் வரிசையையும் அதன் கீழுள்ள வட்டெழுத்தையும் பார்த்துவிட்டு, நடந்தே இறங்கு. தேர்வுக்குத் தயாராகிறவனுக்கு ஏறி இறங்குவதே நல்ல பயிற்சி.

கண்மாய்களைப் பற்றி ஒரு பொதுத் தவறான எண்ணம் இருக்கிறது. கண்மாயைச் 'சுற்றி' ஓடலாம் என்று நினைத்துக்கொண்டு பலர் கிளம்புகிறார்கள். நம் கண்மாய்களுக்குக் கரை ஒரு பக்கம் மட்டுமே. சரிவின் தாழ்ந்த பக்கத்தில் வில்லைப்போல வளைந்து கிடக்கும். மறுபக்கம் உள்வாய், அதாவது நீர் பரவி நிற்கும் இடம். அங்கே கரை கிடையாது. ஆகவே கரையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஓடி, அங்கிருந்து கீழே ஆயக்கட்டுக்குள் இறங்கி, மடையிலிருந்து புறப்படும் வாய்க்காலோரமாகத் திரும்பி வந்தால்தான் சுற்று நிறைவடையும். பங்குனி, சித்திரையில் உள்வாய் வறண்டு வெடித்திருக்கும்போது குறுக்கே ஓடலாம் என்றாலும், சீமைக்கருவேல முள் ஷூவின் அடியைத் துளைத்துப் பாதம் வரை வரும். ஐப்பசி, கார்த்திகையில் கண்மாய் நிறைந்து கலுங்கில் மறுகால் பாயும்போது, தண்ணீர் கணுக்கால் அளவுதானே என்று கலுங்கைக் கடக்காதே. பாசி படிந்த கல்லில் வழுக்கியவர்களை எனக்குத் தெரியும்.

பெரியாறு பிரதான கால்வாயின் கரையும் நல்ல பாதை. 1895-இல் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையின் நீரை, பேரணையிலிருந்து கள்ளந்திரி வழியாக மேலூர்ப் பக்கம் கொண்டுசெல்லும் கால்வாய் அது. பொறியாளர்களின் ஜீப் போவதற்காக அமைத்த கரை என்பதால் அகலமாகவும், கால்வாய் மெல்லிய சரிவில் போவதால் ஏறத்தாழ மட்டமாகவும் இருக்கும். குறிப்பிட்ட தூரத்தைக் குறிப்பிட்ட நேரத்தில் ஓடிப் பழக அதைவிடப் பொருத்தமான மண் தரை இப்பகுதியில் இல்லை. அழகர்கோவில் சாலையில் கள்ளந்திரியில் இறங்கினால் இருபுறமும் போகலாம். ஆனால் தண்ணீர் திறந்துவிட்ட மாதங்களில் இருட்டில் ஓடாதே. வேகம் அதிகம், கரையோரம் சரிவானது, விழுந்தால் பிடித்து ஏற இடமில்லை. மேலூரைத் தாண்டிப் போகும்போது, கைவிட்ட கிரானைட் குவாரிப் பள்ளங்களின் பக்கமும் போகாதே. தண்ணீர் நிறைந்து குளம்போல அழகாகத் தெரிந்தாலும் அவற்றின் ஓரம் செங்குத்தானது.

பொங்கலுக்கு முந்தைய மாதங்களில் அலங்காநல்லூர், பாலமேடு பக்கம் ஓடினால், காலையிலேயே நடைப்பயிற்சிக்குக் கூட்டிவரும் சல்லிக்கட்டுக் காளைகள் எதிர்ப்படும். ஓட்டத்தை நிறுத்தி, ஓரமாக விலகி, காளை கடந்துபோகும் வரை சும்மா நில். பிடித்துவருகிறவர் உன்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போவார்; அதன் பிறகு நீ அந்தப் பாதையில் அந்நியன் அல்ல.

நாய்கள் துரத்தினால் என்ன செய்வது? (இதே கேள்வியைப் பதினோரு பேர் கேட்டிருக்கிறார்கள்.)

ஓடாதீர்கள். நின்று, நாயைப் பார்த்தபடி, கல்லெடுப்பதைப் போலக் குனியுங்கள்; நம் நாட்டு நாய்களில் பெரும்பாலானவைக்கு அந்த அசைவின் பொருள் தெரியும். உண்மையில் எறிய வேண்டிய அவசியம் வராது. பிறகு அதன் எல்லையைத் தாண்டும்வரை நடந்து செல்லுங்கள். கடித்துவிட்டால், சோப்புப் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றைக்கே அரசு மருத்துவமனையில் தடுப்பூசியைத் தொடங்குங்கள். மிளகாய்ப்பொடியும் சுண்ணாம்பும் வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டாம். பிரான்சில் கிராமத்து நாய்கள் வேலிக்குள் குரைப்பதோடு சரி. மலைப்பகுதியில் ஆட்டு மந்தையைக் காக்கும் வெள்ளை நிறப் பெருநாய்கள் மட்டும் வேறு. அவற்றைக் கண்டால் நின்று, மந்தையைச் சுற்றி வெகுதூரம் விலகி நடந்து போக வேண்டும்.

நான் ஆசிரியை, வயது 34. எங்கள் ஊரில் காலையில் ஓடினால் ஆண்கள் வேடிக்கை பார்க்கிறார்கள், பெண்கள் "என்னத்தா, யாரு வெரட்டுறா?" என்று கேட்கிறார்கள். தனியாக ஓடப் பயமாகவும் இருக்கிறது. வீட்டு மாடியிலேயே சுற்றிவருவது மேலா?
– வாசகி, உசிலம்பட்டி வட்டாரம்

மாடி வேண்டாம். பத்தடிக்கு ஒருமுறை திரும்புவதால் முழங்கால்தான் கெடும்.

கேலியையும் ஆபத்தையும் நீங்கள் ஒரே கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள்; இரண்டையும் பிரித்துப் பாருங்கள். "யாரு வெரட்டுறா" என்று கேட்கும் பெண்கள் உங்களுக்குப் பகை அல்லர், பாதுகாப்பு. களை எடுக்கவும் நடவுக்கும் அதிகாலையில் கூட்டமாகப் போகும் அவர்களுடைய பாதையையும் நேரத்தையும் உங்கள் பாதையாகவும் நேரமாகவும் ஆக்கிக்கொள்ளுங்கள். நின்று இரண்டு நிமிடம் பேசுங்கள். யார் வீட்டுப் பெண், எந்தப் பள்ளியில் வேலை என்று ஒருமுறை தெரிந்துவிட்டால், மூன்றாவது வாரம் நீங்கள் வராத நாளில் "டீச்சரை எங்கத்தா காணோம்" என்று கேட்பவர்களும் அவர்களாகத்தான் இருப்பார்கள். வேடிக்கை பார்க்கும் ஆண்களுக்கும் அதற்குள் சலித்துப்போகும்.

ஆபத்து வேறு. தனியாக ஓடும் உரிமை உங்களுக்கு முழுமையாக உண்டு என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஐந்து மணி இருட்டில், மதுக்கடைக்குப் பின்னால் போகும் ஓடைப்பாதையில், உரிமை துணைக்கு வராது. விடிந்த பிறகு ஓடுங்கள், முடிந்தால் இன்னொருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள், எந்த வழியாகப் போய் எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். பிரான்சில் தன் ஊரில் தனியாக ஓடும் என் மருமகளும் இதைத்தான் செய்கிறாள்; எந்த மஞ்சள் சுற்று என்று குளிர்பதனப் பெட்டியின் கதவில் எழுதிவைத்துவிட்டுப் போவாள். அவசரத்துக்கு 112 என்ற எண் இங்கேயும் அங்கேயும் ஒன்றே.

பிரான்சைப் போல நம் மலைப்பாதைகளிலும் வண்ணப் பட்டை தீட்டினால் என்ன? எங்கள் நண்பர் குழு அரிட்டாபட்டியில் இதைச் செய்யத் தயாராக இருக்கிறது.
– வாசகர், மேலூர்

எண்ணம் நல்லது, இடம் தவறு. பெயிண்ட் டப்பாவை மூடி வையுங்கள்.

அங்கே பட்டை தீட்டுகிறவர்கள் பயிற்சி பெற்ற தொண்டர்கள். நில உரிமையாளரிடமும் ஊராட்சியிடமும் இசைவு பெற்றே தீட்டுகிறார்கள். அவர்கள் தீட்டுவதும் பெரும்பாலும் மரத்திலும் கம்பத்திலும்தான். நம் மலைகளின் கதை வேறு. இங்கே ஏதாவது ஒரு பாறையின் மேல் கை வைத்தால் அதில் தமிழி எழுத்தோ சமணப் படுக்கையோ இருக்கும். சமணர் மலையிலும் ஆனைமலையிலும் காதலர் பெயர்களைக் கிறுக்கியவர்களும் பட்டை தீட்டியவர்கள்தாம், வேறு நோக்கத்தோடு. பாதுகாக்கப்பட்ட சின்னங்களில் வண்ணம் பூசுவது சட்டப்படி குற்றமும்கூட.

அரிட்டாபட்டியைப் பொறுத்தவரை இன்னும் கவனம் தேவை. அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஊர்களைச் சேர்ந்த 193 ஹெக்டேருக்குச் சற்றுக் கூடுதலான பரப்பை 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது. ஏழு குன்றுகள், எழுபத்திரண்டு ஏரிகள், இருநூறு சுனைகள், இருநூற்றைம்பது வகைப் பறவைகள் என்று அந்த அறிவிப்பு பட்டியலிடுகிறது. பாறை இடுக்கில் கூடு கட்டும் வல்லூறுகளும் அதில் அடக்கம். அந்த ஊர் மக்கள் டங்ஸ்டன் சுரங்கத்தை எதிர்த்து நின்று, 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏல ஒதுக்கீட்டை இரத்துச் செய்யும்வரை ஓயவில்லை. அவ்வளவு பாடுபட்டுக் காத்த குன்றில் வெளியூர்க்காரர் பட்டை தீட்டலாமா என்பதை அந்த ஊராரிடம்தான் கேட்க வேண்டும், என்னிடம் அல்ல. பாதை தெரியவேண்டும் என்றால் ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவரோடு ஒருநாள் நடந்து பாருங்கள். எந்தச் சுனையில் எந்த மாதம் வரை நீர் நிற்கும் என்பது வரை சொல்வார். அதை ஒரு தாளில் வரைந்து, ஊராட்சி இசைந்தால் ஊர் முகப்பில் ஒரு பலகையாக வைக்கலாம். அவ்வளவே போதும்.

ஓடுவதற்கு முன் என்ன சாப்பிடலாம்?
– வாசகர், சோழவந்தான்

ஒரு மணி நேரத்துக்குள் முடியும் ஓட்டம் என்றால் ஒன்றும் வேண்டாம், ஒரு குவளை தண்ணீர் போதும். கோடையில் அதற்குமேல் ஓடினால் உப்புச் சேர்த்த நீராகாரமோ மோரோ ஓட்டம் முடிந்தபின் குடியுங்கள். வெறும் தண்ணீரை மட்டும் குடம் குடமாகக் குடிப்பதும் தவறுதான். ஓடி முடித்ததும் ஜிகர்தண்டா குடிக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். குடிக்கலாம், ஆனால் அதை ஓட்டத்தின் கணக்கில் எழுதாதீர்கள்.

பிரான்சில் கிராமங்களில் ஓட்டப் பந்தயங்கள் நடக்குமா? வெளிநாட்டவர் கலந்துகொள்ள முடியுமா?
– வாசகர், திருநகர்

நடக்கும். ஊர்த் திருவிழாவை ஒட்டி பத்துக் கிலோமீட்டர் அளவில் நடக்கும் சிறு பந்தயங்கள் ஏராளம். பரிசாக ஒரு தொத்திறைச்சிச் சுருளோ தேன் பாட்டிலோ கொடுப்பதுண்டு. முன்பு மருத்துவச் சான்று கேட்பார்கள். 2024 முதல் வயது வந்தவர்கள் அதற்குப் பதிலாக அந்நாட்டுத் தடகளக் கூட்டமைப்பின் இணையதளத்தில் உடல்நல எச்சரிக்கைகள் பற்றிய சிறு காணொளிகளைப் பார்த்து முடித்து, அதற்கான எண்ணைப் பெற்றுக் கொடுத்தால் போதும். வெளிநாட்டவருக்கும் இதே வழிதான். பெரிய பந்தயங்களில், திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே மாறுவேடம் போட்டுக்கொண்டு ஓடும் மெடாக் மாரத்தான் 1985-இல் தொடங்கியது. தண்ணீர்ப் பந்தலில் ஒயின் ஊற்றும் பந்தயம் அது. மோன் பிளாங்க் மலையைச் சுற்றி ஏறத்தாழ 170 கிலோமீட்டர் ஓடும் பந்தயம் 2003-இல் தொடங்கியது. திருநகரிலிருந்து நேரே அதற்குப் போக வேண்டாம்.

எங்கள் ஊர் கரிசல் பூமி. மழைக்குப் பின் குளிர்ச்சியாக இருக்கிறதே என்று ஓடினால் பாதி வழியில் நடக்கவே முடியவில்லை. என்ன ஷூ வாங்க வேண்டும்?
– வாசகர், திருமங்கலம் வட்டாரம்

எந்த ஷூவும் உதவாது. கரிசல் நனைந்தால் அடியில் அப்பிக்கொண்டே வரும். நூறு அடிக்குள் ஒவ்வொரு காலும் ஒரு கிலோ கனக்கும். பற்கள் ஆழமான ஷூ என்றால் இன்னும் மோசம், அதற்கு ஒட்டிக்கொள்ள இடம் அதிகம். மழை விட்டு இரண்டு நாள் வெயில் காயட்டும். அதுவரை வலப்பக்க ஓரமாகத் தார்ச்சாலையில் ஓடுங்கள். ஏற்கெனவே அப்பியதைக் கழுவ முயலாமல் நிழலில் காயவைத்து, இரண்டு ஷூவையும் ஒன்றோடொன்று தட்டினால் ஓடு ஓடாக உதிர்ந்துவிடும்.